மலையுச்சியைத் தகர்த்து நிலக்கரி எடுக்கும் இடத்துக்கு அருகே வசித்தால் உடல்நலம் கெடும் என்பது நிரூபிக்கப்பட்டதா?

கேள்வியில் மலையுச்சியைக் குறிப்பிட்டிருப்பதால், தாங்களும் என்னைப் போல விசா விலக்குக்காக அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துத் தென்பகுதியில் மருத்துவர் வேலைக்கு ஒப்புக்கொண்டு, குடும்பத்தை அழைத்துச் செல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஜே-1 எனும் பரிமாற்ற விசாவில் வந்து பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர் நாடு திரும்பாமலிருக்க, மருத்துவர் கிடைக்காத பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய வேண்டும் அல்லவா? அந்த மூன்றாண்டை நான் அங்கேதான் கழித்தேன். நான் நோய்ப்பரவலியல் அறிஞனல்லன்; பொது மருத்துவன் மட்டுமே. ஆனால் "நிரூபிக்கப்பட்டதா" என்ற இந்தச் சொல்லை அங்கே நானே பலமுறை கேடயமாகப் பிடித்திருக்கிறேன்; அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாண்டில் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் விடாத இருமலோடு வந்தார். சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்றார். நான் நம்பவில்லை, ஏனென்றால் அந்த வட்டாரத்தில் புகைப்பவர்கள் மிகுதி. அடுத்த முறை வந்தபோது, பழம் பதப்படுத்தும் கண்ணாடிக் குடுவையில் தம் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். காவி கலந்தாற்போல் இருந்தது. தண்ணீரைச் சோதிப்பது என் வேலை இல்லை, சுகாதாரத் துறையிடம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேறொரு நோயாளியைப் பார்க்க அதே பள்ளத்தாக்குக்குச் சென்ற நாளில்தான் அவர் வீட்டைக் கண்டேன். சங்கு ஊதி, சற்று நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டு, சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முற்றத்து நாற்காலியை அவர் துணியால் துடைத்துக் காட்டியபோது துணி சாம்பல் நிறமாயிற்று. காலையில்தான் கழுவினேன் என்றார்.

அங்கே நடப்பது இதுதான். அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த வெடிமருந்தால் மலையுச்சியின் பாறையை உடைத்து, அந்தக் கல்லையும் மண்ணையும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டிவிட்டு, அடியிலுள்ள நிலக்கரியை எடுக்கிறார்கள். ஆகவே ஊருக்குள் வந்து படியும் தூசியில் பாறைப்பொடிக்கும், அதிலுள்ள, நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காவுக்கும் பெரும்பங்கு உண்டு. கரியை மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம். பள்ளத்தில் கொட்டிய பாறையில் காற்றும் நீரும் பட்டதும் சல்பேட்டும் செலினியமும் கரைந்து ஓடையில் இறங்குகின்றன. மேற்கு வர்ஜீனியாவையும் உள்ளடக்கிய அப்பலாச்சியன் மலைகளில் இவ்வாறு புதைந்தும் சிதைந்தும் போன ஓடைகளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருக்கிறது.

இனி நிரூபணத்துக்கு வருவோம். மைக்கேல் ஹென்ட்ரிக்ஸ் என்ற பேராசிரியர் தம் குழுவினரோடு 2011-இல் வெளியிட்ட ஆய்வு, 1996 முதல் 2003 வரையிலான பிறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, மலையுச்சிச் சுரங்கமுள்ள மாவட்டங்களில் பதினாயிரம் பிறப்புக்கு 235 பிறவிக் குறைபாடுகளும், சுரங்கமே இல்லாத மாவட்டங்களில் 144-உம் இருந்ததாகச் சொன்னது. தாயின் புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்த பின்னும் வேறுபாடு 26 விழுக்காடு. சுரங்கத் தொழில்துறையின் பணத்தில் நடந்த மறு ஆய்வு, இது மருத்துவமனைகள் பதிவுசெய்யும் முறையால் வந்த வேறுபாடு என்றது. அந்த வாதத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன், ஏனெனில் மருத்துவமனைப் பதிவேடுகள் எழுதப்படும் இலட்சணத்தை உள்ளிருந்து பார்த்தவன். ஆய்வகத்தில் அந்தத் தூசியை எலிகளுக்குச் செலுத்தியபோது நுண்ணிய இரத்தக்குழாய்கள் விரியும் திறன் குறைந்ததும், மனித நுரையீரல் செல்களை மூன்று மாதம் அதில் வைத்தபோது புற்றுநோய்க்குரிய மாற்றங்கள் தென்பட்டதும் வேறு ஆய்வுகள். இருந்தாலும் 2017-இல் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்த அரசு அறிவியலாளர்கள், முடிவு கூறச் சான்று போதவில்லை என்றே எழுதினார்கள்.

சான்று போதவில்லை என்றால் மேலும் தேடவேண்டும் அல்லவா? மேற்கு வர்ஜீனிய மாநில அதிகாரிகளே கேட்டதன் பேரில், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் பத்து இலட்சம் டாலர் செலவில் ஒரு விரிவான ஆய்வைத் தொடங்கியிருந்தன. அதை 2017 ஆகஸ்டில் நிலமும் சுரங்கமும் தொடர்பானவற்றைக் கவனிக்கும் அமெரிக்க உள்துறை அமைச்சகம் செலவினச் சீராய்வைக் காரணம் காட்டி நிறுத்தியது. "நிரூபிக்கப்படவில்லை" என்று இன்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் எனக்கு ஏற்பு.

வறுமை, பருமன், புகை, போதை மாத்திரை எல்லாமே அங்கு அதிகம்தானே என்று யாரேனும் கேட்பார்கள், ஆம், அதிகம். அந்த அம்மையார் பின்னர் ஒகையோவிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார், இருமலும் குறைந்ததாகச் சொல்லியனுப்பினார். ஆனால் அவருடைய பழைய வீட்டில் விறகு அடுப்பு இருந்தது, மகள் வீட்டில் இல்லை. ஆகவே அதைச் சான்றாக என்னால் வைக்க இயலாது.

தாங்கள் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் இல்லாத ஊர் அது. வீடு பார்க்கும்போது குடிநீர் நகராட்சிக் குழாயிலிருந்து வருகிறதா, கிணற்றிலிருந்தா என்று கேளுங்கள். கிணறு என்றால் செலினியம், ஆர்சனிக், மாங்கனீசு மூன்றையும் சொல்லிச் சோதிக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் வெறும் கிருமிச் சோதனையோடு முடித்துவிடுவார்கள். நிலக்கரி லாரி போகும் சாலையோர வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.