அண்ணன் மனையைத் தம்பி விற்கலாமா? பவர் பத்திரத்தில் கவனிக்க வேண்டியவை

கேள்வி: கோவையில் ஒரு மனை வாங்க இருக்கிறோம். உரிமையாளர் சிங்கப்பூரில் வசிக்கிறார். 2016-இல் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பியிடம் கிரயம் பெற்றால் செல்லுமா? கிரயமே வேண்டாம், எங்கள் பெயருக்கே பவர் வாங்கிக்கொண்டால் பத்திரச் செலவு மிச்சம் என்கிறார் தரகர்.

பதில்: தரகர் சொல்லும் வழியை முதலில் விலக்கிவிடுங்கள். பவர் என்பது ஒருவர் சார்பில் செயல்பட மற்றவருக்குத் தரும் அதிகாரமே தவிர, சொத்துரிமையை மாற்றித் தரும் ஆவணமன்று. முழுப் பணத்தையும் கொடுத்து, பவரும் விற்பனை உடன்படிக்கையும் எழுதி வாங்கினாலும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது.

தம்பி மூலம் கிரயம் பெறுவது செல்லும். ஆனால் அவர் கையெழுத்திடும் நாளில் பவர் நடைமுறையில் இருக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ மனநலம் இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும். ‘ரத்து செய்ய இயலாத பவர்’ என்று பத்திரத்தில் எழுதியிருப்பதைக் காட்டிப் பலர் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சொத்தில் பவர் பெற்றவருக்கே ஓர் உரிமை இருந்தாலன்றி (202-ஆம் பிரிவு) அந்த வாசகத்துக்குப் பெரிய மதிப்பில்லை. ஆகவே அண்ணனிடம் நேரடியாக வீடியோ அழைப்பில் பேசி, விலையையும் விற்பனையையும் அவர் வாயாலேயே உறுதி செய்துகொண்டு, உயிர்வாழ் சான்றையும் கேட்டு வாங்குங்கள். இதற்குத் தம்பி முகம் சுளித்தால் அதையே ஓர் எச்சரிக்கையாகக் கொள்வேன்.

அடுத்து, அசல் பவரை வரிவரியாகப் படியுங்கள். சொத்தைப் பராமரிக்கவும் வாடகை வசூலிக்கவும் தந்த அதிகாரத்தில் விற்கும் அதிகாரம் அடங்காது. விற்கவும், கிரயத் தொகையைப் பெறவும், சார்பதிவாளர் முன் ஆஜராகி எழுதிக் கொடுக்கவும் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், சர்வே எண்ணும் பொருந்த வேண்டும். பவர் சிங்கப்பூரில் எழுதப்பட்டிருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றதா, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா என்றும் பாருங்கள். வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், பவர் பதிவான அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று தனியே தேடச் சொல்லுங்கள்.

பணத்தைத் தம்பி கையில் கொடுக்காமல் அண்ணனின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். விற்பவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், விலை ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீதம் வரி பிடிப்பது என்ற வழக்கமான கணக்கு பொருந்தாது. அதைவிடக் கூடுதலான விகிதத்தில் வரி பிடித்துச் செலுத்தும் பொறுப்பு வாங்கும் உங்களுடையது என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு பட்டயக் கணக்காளரைக் கேட்டுவிடுங்கள். அண்ணன் விரைவில் ஊருக்கு வருவதாக இருந்தால், காத்திருந்து அவர் கையெழுத்திலேயே கிரயம் பெறுங்கள்.