ரப்பர் தேனில் ரப்பர் மகரந்தம் ஏன் இல்லை?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது தேன்பெட்டி வைத்திருக்கிறேன். இந்த சீசன் தேனை மொத்தமாக எடுக்க முன்வந்த வெளியூர்க்காரர்கள் மகரந்தப் பரிசோதனை அறிக்கை கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். தொட்டாற்சிணுங்கி பாதிக்கு மேல், அடுத்தது தென்னை, ரப்பர் மூன்று விழுக்காட்டுக்கும் கீழே என்று வந்திருக்கிறது. "இது ரப்பர் தேனே இல்லை, கலப்படம்" என்கிறார்கள். நான் எதையும் கலக்கவில்லை. வேறு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கட்டுமா?

பதில்: அனுப்ப வேண்டாம், காசுதான் வீணாகும். ஆய்வகம் எண்ணியதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் சொல்வதையும் நம்புகிறேன். அந்த அறிக்கையை வாசித்த விதத்தில்தான் கோளாறு.

அடுத்த தளிர்ப் பருவத்தில் ஒரு ரப்பர் இலையைப் பறித்துப் பாருங்கள். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும். அவை தேன் சுரப்பிகள். மரம் இலையை உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடும்போது அவற்றில் இனிப்பு நீர் துளிர்த்து நிற்கும். தேனீ நக்குவது அதைத்தான். பூவிலிருந்து வரும் தேன் என்றால் கூடவே மகரந்தமும் ஒட்டிக்கொண்டு வரும். இலைக்காம்பில் ஏது மகரந்தம்? ஜனவரி முதல் மார்ச் வரை உங்கள் பெட்டிகள் நிரம்பி வழிவது இந்தச் சுரப்பிகளால்தான். ரப்பரும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் பூக்கும். ஆனால் தேன் வரத்தில் அந்தப் பூவுக்குப் பெரிய பங்கில்லை.

அப்படியானால் தொட்டாற்சிணுங்கி எங்கிருந்து வந்தது? புழுக்களை வளர்க்கக் கூட்டுக்கு மகரந்தம் வேண்டும். இலைச்சுரப்பி அதைக் கொடுக்காததால், தோட்டத்து ஓரத்தில் இருக்கும் தென்னைக்கும் தொட்டாற்சிணுங்கிப் புதருக்கும் தேனீ போகிறது. கொண்டுவந்த மகரந்தம் கூட்டுக்குள் சிந்தி, தேனிலும் கொஞ்சம் கலந்துவிடும். தொட்டாற்சிணுங்கி மகரந்தம் நான்கு நான்காக ஒட்டியிருக்கும். அந்த நான்கும் சேர்ந்தே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் தேறும். தேனீயின் தேன்பைக்குப் பின்னால் ஒரு வால்வு உண்டு, வழியிலேயே மகரந்தத்தை வடிகட்டுவது அது. பெரிய மணிகள் அதில் சிக்கும், இவ்வளவு பொடியானவை தப்பிவிடும். எனவே ஒரு சிட்டிகை தொட்டாற்சிணுங்கிகூட அறிக்கையில் மலையாகத் தெரியும். பூசணி இதற்கு நேர்மாறு. அதன் மகரந்தம் பத்து மடங்குக்கும் மேல் பெரிது, கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். ஆனால் எண்ணிக்கையில் காணாமல் போகும்.

உங்களை மிரட்டிய விதியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். லூவோ, மௌரிட்சியோ, வோர்வோல் என்ற மூவர் 1970-இல் வகுத்து 1978-இல் திருத்திய முறையையே இன்றும் ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. 10 கிராம் தேனைத் தண்ணீரில் கரைத்து, வேகமாகச் சுழற்றி, அடியில் தங்குவதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஒரு செடியின் மகரந்தம் 45 விழுக்காட்டைத் தாண்டினால் அது 'முதன்மை மகரந்தம்'. வாங்க வந்தவர்கள் கையில் இருப்பது இந்த 45 மட்டும். இது எல்லாச் செடிக்கும் பொருந்தாது என்பது அத்துறையில் முதல் பாடம். ஐரோப்பாவில் செஸ்ட்நட் தேன் என்று சொல்ல 90 விழுக்காடு அளவுக்கு எதிர்பார்ப்பார்கள், ஏனென்றால் அந்த மரம் மகரந்தத்தை வாரி இறைக்கும். ஆரஞ்சுத் தேனுக்கோ 10, 20 இருந்தாலே போதும் என்பார்கள். மகரந்தத்தின் விழுக்காடு வேறு, தேனின் விழுக்காடு வேறு.

நீலகிரிச் சதுப்புகளில் செடிகள் மக்கிப் படிந்த கரிமண்ணில் பல்லாயிரம் ஆண்டு மகரந்தத்தை எண்ணுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். காற்றில் பறக்கும் புல் மகரந்தம் குவியலாகக் கிடைக்கும், பூச்சியை நம்பிய சோலை மரங்களின் மகரந்தம் அரிதாகத்தான் கிடைக்கும். எண்ணிக்கையை அப்படியே நம்பினால் சோலையே இல்லாத மலை என்று எழுதிவிடுவோம்! அதனால் வேறு சாட்சியும் தேடுகிறார்கள். 1993-இல் சூழலியலாளர் இரா. சுகுமார் குழுவினர் அந்தக் கரிமண்ணின் கார்பன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களை) அளந்து, சுமார் இருபதாயிரம் ஆண்டுகளில் புல்வெளியும் மரங்களும் மாறி மாறி ஓங்கியதைப் படித்தார்கள். வெப்பமண்டலப் புல்லுக்கும் மரத்துக்கும் கார்பன் கையெழுத்து வேறு என்பதே அடிப்படை.

உங்களுக்குத் தேவையானதும் அதே சோதனைதான். கரும்பும் மக்காச்சோளமும் அந்தப் புல் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பாகைத் தேனில் கலந்தால் கார்பன் அளவில் பிடிபடும். அரிசிப் பாகு அந்தக் கூட்டமில்லை, தப்பிவிடும். அதற்கு என்.எம்.ஆர். சோதனை (தேனில் உள்ள பொருள்களைக் காந்தப்புலத்தில் வைத்து ஆராய்வது) வேண்டும். மகரந்த அறிக்கை இதில் எதையும் சொல்லாது. நல்ல தேனில் பாகை ஊற்றினாலும் தேனின் மகரந்தம் அப்படியே இருக்கும், விழுக்காடும் மாறாது. "கலப்படம்" என்பவர்களிடம் இதைச் சொல்லி, இந்தக் கார்பன், என்.எம்.ஆர். சோதனைகளை அவர்கள் செலவிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒன்றை நீங்களே யோசித்துப் பாருங்கள். மழைக்காலப் பஞ்சத்தில் எல்லோரையும் போலச் சர்க்கரைக் கரைசல் கொடுத்திருப்பீர்கள். அப்போது மேலே தேன் அறை இருந்ததா? இருந்திருந்தால் மிச்சப் பாகு அடைச் சட்டங்களில் தங்கி, சீசன் தேனோடு வெளியே வந்திருக்கும். நீங்கள் கலக்காமலே கலந்த கதை அது. கார்பன் சோதனை அதையும் காட்டிக்கொடுக்கும்.

ஆய்வகத்திடம் இன்னொரு எண்ணையும் கேளுங்கள்: 10 கிராமுக்கு மொத்தம் எத்தனை மகரந்த மணிகள்? இருபதாயிரத்துக்குக் கீழே வந்தால் அது மகரந்தம் மிகக் குறைந்த தேன். இலைச்சுரப்பித் தேனில் அப்படித்தான் எதிர்பார்க்க வேண்டும். எண்ணிக்கை லட்சக்கணக்கில் வந்தால் புழு அறை அடையையும் சேர்த்துப் பிழிந்தீர்களா என்று நானே கேட்பேன்.

அடுத்த சீசனில் தேன் அறைச் சட்டங்களை மட்டும் சுழற்றி எடுங்கள். மாதிரி எடுக்கும் முன் பாத்திரத்தை அடிவரை கலக்குங்கள். எடுத்த தேதியையும் தோட்டத்தையும் குறியுங்கள். பெட்டியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அப்போது பூத்திருப்பவற்றில் தலா ஒரு கொத்தைக் காகித உறையில் உலர்த்தி, பெயர் எழுதி மாதிரியோடு அனுப்புங்கள். எண்ணுகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ரப்பர் தளிர் இலை ஒன்றையும் காம்போடு சேர்த்து வையுங்கள், அது வாங்க வருகிறவருக்குக் காட்ட.