காஸ்டிக் சோடா பட்ட புண்ணில் வலி இல்லை. மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாங்கூழ் ஆலையில் பிட்டராக வேலை செய்கிறேன். மூன்று நாட்களுக்கு முன், குழாய்களைக் கழுவும் காஸ்டிக் சோடா பம்ப்பில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) மாற்றுவதற்காக, குழாயைப் போல்ட்டால் இணைக்கும் ஃபிளாஞ்சைக் கழற்றியபோது, உள்ளே தங்கியிருந்த கரைசல் முன்கையில் பீய்ச்சியடித்தது, கண்ணிலும் தெறித்தது. உடனே கொஞ்சம் கழுவிவிட்டு எலுமிச்சைச் சாறு தடவினேன். புண் வெளுத்திருக்கிறது, வலி அதிகமில்லை. கண் லேசாக உறுத்துகிறது. மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

பதில்: இன்றே போக வேண்டும், முதலில் கண்ணைக் காட்டுங்கள். காஸ்டிக் சோடா அமிலத்துக்கு எதிரான வலுவான காரம் (அல்கலி); அது கருவிழியை ஊடுருவிப் பார்வையைப் பாதிக்கக்கூடியது என்பதால், உறுத்தல் லேசாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அதுவரை கண்ணைத் தேய்க்காதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்கி விடவும் வேண்டாம்.

வலி அதிகமில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. அமிலம் பட்ட இடத்தில் தோலின் புரதம் உறைந்து கெட்டியாகி, அமிலம் மேலும் இறங்குவதை ஓரளவு தடுக்கிறது. காஸ்டிக் சோடாவோ தோலடிக் கொழுப்பைச் சோப்பாக மாற்றி, திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழத்துக்குச் செல்கிறது. நரம்பு நுனிகள் அழிந்த இடத்தில் வலி தெரியாது. வெளுத்த நிறமும் ஆழமான புண்ணையே சந்தேகிக்க வைக்கிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புண்ணின் ஆழத்தைப் பார்த்து, தேவையானால் டெட்டனஸ் ஊசி போடுவார்கள். மிக ஆழமாக இருந்தால் தோல் ஒட்டு அறுவைசிகிச்சையும் தேவைப்படலாம்.

எலுமிச்சையோ வினிகரோ காரத்துடன் சேரும்போது வெப்பம் உண்டாகும்; கழுவ வேண்டிய நேரமும் வீணாகும். இனி இப்படி நேர்ந்தால் உடனே, நனைந்த சட்டை, கைக்கடிகாரம், காலணி ஆகியவற்றைக் கழற்றியபடியே, ஓடும் தண்ணீரில் குறைந்தது அரைமணி நேரம், காஸ்டிக் சோடாவுக்குப் பெரும்பாலும் அதைவிட அதிக நேரம், கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமைகளை விலக்கிப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

பம்ப்பை நிறுத்திவிட்டால் குழாய் காலியாகிவிடாது. வால்வுகளைப் பூட்டி, கரைசலை வடித்து, நல்ல தண்ணீர் ஓடவிட்டு, வெளிவரும் நீரில் காரம் இல்லை என்று லிட்மஸ் தாளில் பார்த்த பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். அப்போதும் உங்களுக்கு எதிர்ப்புறத்தில் உள்ள போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் முகம் முழுவதையும் மறைக்கும் கவசமும் முழங்கை வரை ரப்பர் கையுறையும் கட்டாயம். மாம்பழப் பருவத்தில் இயந்திரம் நிற்கவே கூடாது என்ற அவசரம் எனக்குத் தெரியும். இதற்கான நேரத்தை நிர்வாகம் கொடுத்தே ஆக வேண்டும்.

கரைசலின் செறிவை ஆலையில் கேட்டு எழுதிச் செல்லுங்கள். வேலையின்போது நேர்ந்த காயம் என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, ஆலையின் விபத்துப் பதிவேட்டிலும் எழுதச் செய்யுங்கள். நீங்கள் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உறுப்பினராக இருந்து, காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்கள் நீண்டால், சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு பெற இந்தப் பதிவுகள் தேவைப்படும்.