எச்டிஎம்எல்லில் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) டேக், எலிமென்ட் இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஆனால் பேச்சில் எல்லோரும் (நானும்தான்) இரண்டையும் கலந்துகட்டிச் சொல்கிறோம். எச்டிஎம்எல்லில் ஒரு பத்தி எழுத, கோண அடைப்புக்குறிக்குள் 'பி' போட்டுத் தொடங்கி, வாசகத்தை எழுதி, சாய்கோடு சேர்த்த இன்னொரு 'பி'யால் மூடுகிறோம். அந்தத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும்தான் டேக். நடுவிலுள்ள வாசகத்தோடு சேர்த்து மொத்தமும் எலிமென்ட்.

சரி, ஆட்ரிபியூட்? தொடக்க டேகுக்குள் வரும் கூடுதல் தகவல். இணைப்புக்கான 'ஏ' டேகில் போகவேண்டிய முகவரியைச் சொல்லும் 'எச்ரெஃப்' ஆட்ரிபியூட் இல்லையென்றால் சொடுக்கினாலும் எங்கும் போகாது.

குழப்பம் 'ஐஎம்ஜி' (படம்), 'பிஆர்' (வரி முறிப்பு) போன்றவற்றில்தான். இவற்றுக்குள் எதையும் வைக்க முடியாது, அதனால் மூடும் டேகே கிடையாது. அங்கே ஒற்றை டேகே முழு எலிமென்ட்.

அப்புறம், 'பி'யை மூட மறந்தால் அடுத்த 'பி' வந்ததும் பிரௌசரே மூடிக்கொள்ளும். பக்கத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் 'டிவ்'வை மூட மறந்தால் பக்க அமைப்பே கலைந்துபோகலாம்.