காலையில் 70 செக்கன், பின்னேரம் 40: தயோசல்பேற்று பழுதா?

நுவரெலியாவில் சோடியம் தயோசல்பேற்றையும் அமிலத்தையும் கலக்கும் பரிசோதனையை ஒரே கரைசல்களோடு செய்தும், கந்தகம் உண்டாகிக் கலவை கலங்க, குடுவைக்கு அடியில் தாளில் போட்ட புள்ளடி மறையக் காலையில் 70 செக்கன், பின்னேரம் 40 செக்கன் எடுத்தது, சோடியம் தயோசல்பேற்று பழுதாகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பழுதானால் செறிவு குறைந்து தாக்கம் இன்னும் மெதுவாகியிருக்கும். உங்களுக்கோ வேகம் கூடியிருக்கிறது.

விடை நீங்கள் எழுதிய வெப்பநிலையிலேயே இருக்கிறது: காலையில் 13 பாகை செல்சியஸ், பின்னேரம் 21. எட்டுப் பாகைதானே என்று தோன்றும். மூலக்கூறுகளின் சராசரி வேகமும் அதனால் 1.4 சதவீதம்தான் கூடும், மோதல்களும் பெரிதாகக் கூடாது. ஆனால் ஏவற்சக்தியை, அதாவது தாக்கம் நடக்கத் தேவையான ஆகக்குறைந்த சக்தியை, தாண்டும் மோதல்களின் பங்கு கிட்டத்தட்ட முக்கால் மடங்கு கூடிவிடும். 70ஐ 40ஆல் வகுத்துப் பாருங்கள், 1.75! உண்மையில் அழகான வாசிப்பு எடுத்திருக்கிறீர்கள், அழித்துவிடாதீர்கள்.

தேயிலைத் தொழிற்சாலையிலும் இதைப் பார்க்கலாம். உருட்டிய கொழுந்து செப்பு நிறமாக மாறுவது குளிர்ந்த காலையில் இழுபடும். அங்கே நொதியம் வேலை செய்கிறது, என்றாலும் குளிர் அதையும் மந்தமாக்கும்.

சரி, செறிவின் விளைவை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், இரண்டு கரைசல்களையும் தனித்தனியாக 25 பாகை வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கலவுங்கள். ஒரே குடுவையையே பாவியுங்கள், மொத்தக் கனவளவையும் மாற்றாதீர்கள். திரவத்தின் ஆழம் மாறினால் புள்ளடி மறையும் நேரமும் மாறும். குளிருக்காக யன்னலை மூடிவிட வேண்டாம், தாக்கத்தில் வெளிவரும் கந்தகவீரொட்சைட்டு வாயு நெஞ்சை அடைக்கும்.