தமிழ்நாட்டில் மொழிபெயர்த்த நோயாளிக் கேள்வித்தாளை மலேசிய கிளினிக்கில் அப்படியே பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், வரும் பதில்தான் எதற்கும் உதவாது. நீங்கள் மேற்படிப்பு மாணவராக இருப்பீர்கள், "தமிழில்தான் ஏற்கெனவே இருக்கிறதே" என்று சூப்பர்வைசர் சொல்லியிருப்பார் என நினைக்கிறேன். நான் ஆய்வாளன் இல்லை, சிலாங்கூரில் தோட்டத்து டிரெஸ்ஸராக (தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுத்து, கட்டுப்போடும் மருத்துவ உதவியாளர்) இருந்து ஓய்வு பெற்றவன். புள்ளியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் நுழைந்தால்தானே) ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) நோயாளிகளைக் கேள்வி கேட்க வந்தார்கள். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நான் வாசித்துக் காட்டினேன். தமிழ்நாட்டில் மொழிபெயர்த்த தாள்தான், தமிழில் குறை சொல்ல முடியாது. திரும்ப ஆங்கிலமாக்கிக்கூட சரிபார்த்தார்களாம்.

"பணம் இல்லாமல் மருந்து வாங்காமல் விட்டதுண்டா?" என்று ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நிறைய, அங்கே கேட்கலாம். இங்கே அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டர், மருந்து எல்லாம் அதிலேயே முடிந்தது. எல்லாரும் "இல்லை" என்றார்கள். செம்பனைக்கு உரம் போடும் ஓர் அம்மாவும் "இல்லை" என்றார், அப்புறம் போன மாதம் மருந்து எடுக்கப் போகவே இல்லை என்று அவரே சொன்னார். பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்) போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு, அதற்கு மேல் டவுனுக்குப் போய்வர வாடகைக் கார். அதை நான் ஓரத்தில் குறிக்கப் போனால், "ஐயா, கட்டத்துக்கு வெளியே எழுதாதீங்க" என்கிறது ஆய்வுக்கு வந்த ஒரு பெண். ஆக, தாளைப் பார்த்தால் அந்த அம்மாவுக்குப் பணக் கஷ்டமே கிடையாது!

அடுத்தது, "உங்கள் வழக்கமான டாக்டர் நீங்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா?" கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் ஒரு புது டாக்டர், சில நாள் எம்.ஏ.தான் (மருத்துவ உதவியாளர்) பார்ப்பார். பெரியவர் ஒருவர் என்னைக் கைகாட்டி, "இவர் கேட்பாரு" என்றார். "எப்போதும்" என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. நான் வேலையை விட்டு எவ்வளவு காலம் ஆகிறது! தோட்டத்து மருந்தகத்தையே நிர்வாகம் மூடிவிட்டது. நடு ராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து போன வேலை அது, இப்போது யாருக்கு நினைவிருக்கிறது? ஆய்வுக்கு வந்தவர்களும் ஆளுக்கொரு துவாலை கொடுத்துவிட்டுப் போனதோடு சரி, முடிவு என்ன என்று இன்றுவரை ஒரு தகவல் இல்லை.

எஸ்.எஃப்-36 என்று உடல்நலத்தைப் பற்றிக் கேட்கும் ஒரு பிரபலமான கேள்வித்தாளின் அமெரிக்க மூலத்தில் வேக்குவம் கிளீனர் தள்ளுவதும் கோல்ஃப் ஆடுவதும் உதாரணமாக வரும். அதையெல்லாம் மாற்றுவது சுலபம். சிகிச்சை எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கும் கேள்விகள்தான் சிக்கல். முதலில் நாலைந்து நோயாளிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலுக்கும் "எதை நினைச்சு இப்படிச் சொன்னீங்க?" என்று கேளுங்கள். எதையாவது மாற்ற வேண்டியிருந்தால் கேள்வித்தாளின் உரிமை உள்ளவர்களிடம் எழுதிக் கேளுங்கள். மாட்டோம் என்றால் கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டு, கார் வாடகையையும் இழந்த சம்பளத்தையும் பற்றி உங்கள் சொந்தக் கேள்விகளைக் கடைசியில் தனியாகச் சேருங்கள், அந்தப் பதில்களை மூலத்தின் மதிப்பெண்ணோடு கூட்டாதீர்கள்.