சித்தி கூப்பிடுகிறார், சத்துப் பவுடர் நெட்வொர்க்கில் சேரலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் கைச்செலவுக்கு ஆகும் என்று, சத்துப் பவுடரும் சமையல் எண்ணெயும் விற்கும் ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனியில் ஐடி போட்டு, அதாவது என் பேரைப் பதிந்து, விற்பவராகச் சேரச் சொல்கிறார் சித்தி. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். எனக்குப் பாம்பன். எங்கள் மதினி இதே மாதிரி ஒரு கம்பெனியில் இருந்தார். அவருடைய வரவு செலவை நோட்டில் எழுதிக் கொடுத்தது நான்தான். அந்த நோட்டை வைத்துத்தான் சொல்கிறேன்.

மாதாமாதம் அவர் எடுத்த சரக்கு எங்கே போனது என்று பார்த்தால், பெரும்பகுதி அவர் வீட்டுக்கும் அவருக்குக் கீழே சேர்ந்த சொந்தக்காரர்கள் வீட்டுக்கும்தான். அவர்களும் பவுடர் பிடித்துப்போய் வாங்கவில்லை. ஐடி ஆக்டிவாக இருக்க வேண்டும், சரக்கு எடுத்தால் ஏறும் பாயிண்ட் குறையக்கூடாது என்று வாங்கினார்கள். வெளியாட்களில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சிலர் முகதாட்சண்யத்துக்காக ஒரு டின் வாங்கினார்கள். அடுத்த டின் யாரும் கேட்கவில்லை. கடைக்குப் போனால் அதே வேலைக்கு ஆகும் பொருள் பாதி விலைக்குக் கிடைக்கும்போது ஏன் கேட்கப் போகிறார்கள்? சித்தியிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இதுதான்: அவருக்குக் கீழே சேராத ஒருவர், போன மாதம் வாங்கியவர், இந்த மாதம் தானாக வந்து கேட்டாரா?

மீட்டிங்கில் பிளான் காட்டும்போது ஒவ்வொருவருக்குக் கீழேயும் ஐந்து பேர் என்று வட்டம் போடுவார்கள். ஆறாவது வரிசையில் 15,625 பேர், ஏழாவதில் 78,125 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே 44,856. கைக்குழந்தைக்கும் சேர்த்து ஐடி போட்டாலும் போதாது. கடைசியில் சேர்பவருக்கு விற்க ஆள் இருக்காது. நம் ஊரில் அந்தக் கடைசி ஆள் உங்கள் நாத்தனாராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோதான் இருப்பார்.

தடைக்காலத்தைச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் பயமே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கம்பெனியில் மாதாமாதம் சரக்கு எடுக்க வேண்டிய கணக்குக்கு அந்த லீவு கிடையாது. ஊரில் யார் கையிலும் காசு ஓடாத அந்த இரண்டு மாதத்தில் பவுடர் வாங்குவதும் நின்றுவிடும், ஐடியைக் காப்பாற்ற நீங்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணம் அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்குமே பத்தாது. அதில் கை வைக்காதீர்கள்.

சரக்கு தங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். மதினி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் டின்கள் கிடந்தன. சாம்பிள் கலக்கிக் கொடுக்கப் பிரித்த டின்களில் கடல் ஈரம் ஏறி, பவுடர் கட்டி தட்டி, கரண்டி இறங்கவில்லை. சீல் பிரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பிரிக்காததிலும் பாதிக்குத் தேதி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

இன்னொரு விஷயம் இதைவிடப் பெரியது. விற்பனை மந்தமானால், சுகருக்கு நல்லது, மூட்டுவலி போகும் என்று சொல்லி விற்கப் பழக்குவார்கள். இப்படிப்பட்ட சத்துப் பவுடர் டின்னில் ‘மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உங்களை நம்பி ஒரு பாட்டி மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? உங்களைச் சேர்த்துவிட்ட மேல் ஆள், அதாவது அப்லைன், வந்து நிற்க மாட்டார்.

எல்லாக் கம்பெனியும் மோசடி என்று நான் சொல்லவில்லை. நேரடி விற்பனைக்கு 2021 டிசம்பரில் மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. அதன்படி ஆள் சேர்ப்பதற்காகப் பணம் தரும் பிரமிடு திட்டம் கூடாது. விற்பவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் தர வேண்டும். அடையாள அட்டையும் முன்அனுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு விற்கப் போகக்கூடாது. அப்புறம், உணவுப் பொருள் கொஞ்சமாக விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சித்தியிடம் அந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் மதினியிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. யாராவது ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

விற்கும் வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாக விற்கலாம். மதினி இப்போது நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, மண் இல்லாமல் சுத்தம் செய்து, கால் கிலோ பாக்கெட்டாகப் போடுகிறார். மதுரையில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒருமுறை வாங்கிப் போனார்கள், இப்போது அவர்களே போன் போட்டுக் கேட்கிறார்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி இருக்கிறது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய் இருக்கிறது. லாபம் சின்னதுதான். ஆனால் விற்காத மாதம் யாருக்கும் கட்ட வேண்டியதில்லை.

சித்தி மனம் நோகுமே என்று யோசிப்பீர்கள். முகத்தை முறிக்க வேண்டாம். “சித்தி, உங்களுக்காக ஒரு டின் வாங்கிக்கிறேன், ஐடி மட்டும் வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆதார், பான், வங்கிப் புத்தக நகல் எதையும் ‘சும்மா இருக்கட்டும்’ என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.